மீனுக்குள் வாழும் உயிர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மீன் சந்தை பற்றி எழுதும்போது மீனின் செவுளிலும் குடலிலும் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கானாங்கெளுத்தி வாங்கிவந்து செவுளைத் திறந்தால் உள்ளே நகம் அளவுக்கு வெள்ளையாக, நிறையக் கால்களோடு ஒரு பூச்சி. என் மாமியார் மீன் கெட்டுப்போச்சு என்று முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டார். நிஜமாகவே கெட்டதா? – கடலூர் வாசகி

கெட்டுப்போகவில்லை. அது ஐசோபாட் என்ற பிரிவைச் சேர்ந்த உயிர், இறால் நண்டுக்குத் தூரத்துச் சொந்தம். கானாங்கெளுத்தியின் செவுள் அறையில் இருப்பது பெரும்பாலும் நோரிலெக்கா என்ற வகையாக இருக்கும், நம் கடலோரத்தில் பலமுறை பதிவாகியிருக்கிறது. மீனின் ரத்தத்தைக் குடித்து வாழும், மனிதர் உடம்பில் அதற்கு வேலையே இல்லை. எடுத்துப் போட்டுவிட்டுக் கழுவிச் சமைக்கலாம். மீன் புதுசா பழசா என்று பார்க்கக் கண்ணையும் செவுளின் நிறத்தையும் வாடையையும் பாருங்கள். இந்தப் பூச்சி இருப்பதும் இல்லாததும் அதைச் சொல்லாது.

ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் அதன் வாழ்க்கை அப்படிப்பட்டது. குஞ்சாக நீந்திவந்து ஒரு மீனைப் பிடிக்கும்போது அது ஆணாகத்தான் இருக்கும், வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும், தன் குஞ்சுகளை வயிற்றுக்கடியில் ஒரு பையில் வைத்து வளர்க்கும். இதே குடும்பத்தில் சைமோத்தோவா எக்ஸிகுவா என்று ஒன்று இருக்கிறது. மெக்சிகோவை ஒட்டிய கலிஃபோர்னியா வளைகுடாவில் ஒருவகைச் செப்பிலி மீனின் வாய்க்குள் போய் நாக்கில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும், நாக்கு சூம்பிப் போனதும் அதன் இடத்தில் தானே உட்கார்ந்துவிடும். அந்த மீன் அதையே நாக்காகப் பயன்படுத்துகிறது என்று 1983இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மீனில் பேன் மாதிரி ஒட்டி வாழும் இந்த ஐசோபாட்களை, அதாவது இந்தப் பேன்களை, அங்கே வருடக்கணக்கில் சேகரித்துப் படித்த ரவிச்சந்திரனும் ரமேஷ்குமாரும், பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான்-போல் திரியும் சேர்ந்து, இந்திய மீன்களில் பதிவான இந்தக் குடும்பப் பேன்கள் அனைத்துக்கும் 2011இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். எந்தப் பேன், எந்த மீனில், எந்தக் கரையில் என்று சொல்லும் பட்டியல். பிரெஞ்சுக்காரர் இதில் எப்படி வந்தார் என்றால், அவர் 1960களிலிருந்தே இந்தக் குடும்பத்தைப் படித்துவருபவர், 1994இலேயே உலகம் முழுவதற்குமான தொகுப்பு ஒன்றை எழுதியவர். இன்னொரு காரணமும் உண்டு. நம் கடலில் இருக்கும் பல இனங்களுக்கு முதலில் பெயர் வைத்தவர்கள் ஐரோப்பியர்கள். உங்கள் கானாங்கெளுத்தியில் இருந்ததாக நான் சந்தேகிக்கும் நோரிலெக்கா இண்டிகாவை முதலில் விவரித்தவரே பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன் எட்வர்ட்ஸ்தான், 1840இல். அந்தப் பழைய மாதிரிகளும் பழைய விவரிப்புகளும் அங்கே இருக்கின்றன, புத்தம்புதிய மீன் இங்கே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கையில் இருப்பது எது என்று தீர்மானிக்க முடியும்.

ஆபீஸ் பக்கத்தில் சுஷி கடை திறந்திருக்கிறார்கள். பச்சை மீனில் புழு இருக்கும் என்று பயமாக இருக்கிறது. சாப்பிடலாமா? – சென்னை வாசகர்

உறைய வைத்த மீன்தானா என்று கடையில் கேளுங்கள். பயப்பட வேண்டிய புழு அனிசாகிஸ். 1955இல் நெதர்லாந்தில், லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீன் சாப்பிட்ட ஒருவருக்குக் கடுமையான வயிற்றுவலி வந்து அறுவை செய்தபோது குடல் சுவரில் இந்தப் புழு இருந்தது. அங்கே அதற்கப்புறம் ஹெர்ரிங்கை உறையவைத்துத்தான் விற்க வேண்டும் என்று 1968இல் சட்டமே கொண்டுவந்தார்கள், நோயும் குறைந்தது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு முழு நாளாவது வைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி, அமெரிக்கர்கள் அதே குளிருக்கு 7 நாள் கேட்கிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் அந்த அளவுக்குப் போகும் என்று நம்பாதீர்கள். நம் குழம்பும் வறுவலும் புழுவைக் கொன்றுவிடும், அதில் பிரச்சினை இல்லை. செத்த புழுவுக்கும் ஒவ்வாமை வருகிறவர்கள் சிலர் உண்டு. மீன் சாப்பிட்டதும் தடிப்பு, மூச்சிரைப்பு வந்தால் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

நான் விலங்கியல் மாணவி. மீன் ஒட்டுண்ணி பற்றிய கட்டுரைகளைத் தேடினால் ஒவ்வொன்றிலும் நாலு நாடு, எட்டுப் பேர் பெயர். ஒரு சின்னப் புழுவைப் படிக்க இத்தனை பேர் எதற்கு? பெயர் போட்டுக்கொள்ளத்தானா? – நாகர்கோவில் வாசகி

பெயர் போட்டுக்கொள்கிற வழக்கமும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் துறையில் கூட்டு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த கதை இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வானவில் டிரவுட் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மீன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்ப் பண்ணைகளில் வளர்த்தார்கள். 1893இல் ஜெர்மனியில் அந்தப் பண்ணைக் குஞ்சுகள் தன் வாலைத் தானே துரத்துவது போலச் சுற்றிச் சுற்றி நீந்த ஆரம்பித்தன, வால் கறுத்தது, பிழைத்தவற்றுக்கு மண்டையும் முதுகும் கோணிப்போனது. புரூனோ ஹோஃபர் என்பவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். மிக்ஸோபோலஸ் செரிப்ராலிஸ் என்ற நுண்ணிய ஒட்டுண்ணி, குஞ்சின் குருத்தெலும்பைத் தின்று வாழ்வது. ஐரோப்பாவின் சொந்த மீனான பழுப்பு டிரவுட்டை அது பெரிதாகப் படுத்துவதில்லை, புதிதாக வந்த மீனைத்தான் கொன்றது. சரி, ஒட்டுண்ணி தெரிந்துவிட்டது. ஆனால் அது ஒரு மீனிலிருந்து இன்னொரு மீனுக்கு எப்படிப் போகிறது? நோயுற்ற மீனிலிருந்து எடுத்த ஒட்டுண்ணியின் வித்துகளை (ஸ்போர்களை) நல்ல மீனுக்குக் கொடுத்தால் நோய் வரவே இல்லை. குளத்துச் சேற்றில் மாதக்கணக்கில் கிடந்தால்தான் வருகிறது. வித்து சேற்றில் ‘முதிர்கிறது’ என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே தலைமுறைகள் போயின.

இதே காலத்தில் ப்ராக் நகரில், மீனோடு சம்பந்தமே இல்லாத, சேற்றுப் புழுக்களைப் படிக்கிற ஒருவர் இருந்தார். அந்தப் புழுக்களுக்குள் மூன்று நீண்ட கைகள் கொண்ட, நங்கூரம் போன்ற வித்துகளை உண்டாக்கும் ஓர் உயிர் வாழ்வதாக அவர் 1899இல் எழுதினார். அதற்கு வேறு பெயர், பிற்பாடு உயிரின வகைப்பாட்டில் வேறு வகுப்பே கொடுத்தார்கள். மீனைப் படித்தவர்கள் சேற்றுப் புழு ஆய்வுகளைப் படிக்கவில்லை, புழுவைப் படித்தவர்களுக்கு டிரவுட் பண்ணை எங்கே இருக்கிறதென்று கவலையில்லை.

1984இல்தான், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் லீடவுன் ஆய்வகத்தில் கென் வுல்ஃபும் மரியா மார்க்கிவும் இரண்டையும் இணைத்தார்கள். மீனிலிருந்து விழும் வித்தைச் சேற்றில் வாழும் டியூபிஃபெக்ஸ் புழு தின்கிறது. புழுவின் குடலில் அது உருமாறி மூன்று கை வித்தாக வெளியே வந்து, தண்ணீரில் மிதந்து, டிரவுட் குஞ்சின் தோலில் போய்க் கொக்கியிட்டுக்கொள்கிறது. இரண்டு வகுப்பு உயிர்கள் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஓர் உயிரின் இரண்டு பருவங்கள். முதலில் பலர் நம்பவில்லை. மியூனிக்கிலும் மற்ற ஆய்வகங்களிலும் திரும்பச் செய்து பார்த்து அதையே கண்ட பிறகுதான் சந்தேகம் ஓய்ந்தது, அந்த இன்னொரு வகுப்பைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். நோய் முதலில் தெரிந்ததிலிருந்து கிட்டத்தட்ட 90 வருடம்! மீன்காரரும் புழுக்காரரும் முன்பே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் மரபணு ஆய்வு வந்து, இந்த ஒட்டுண்ணி நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீனின் சொந்தம் என்று காட்டியது தனிக் கதை.

இதற்குள் அந்த நோய் பண்ணை மீன் வழியாக 1950களிலேயே அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மீனின் சொந்த ஊருக்கே. மாண்டனா மாநிலத்தில் மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் வானவில் டிரவுட் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்துபோனதற்கு இதுவே காரணம் என்று 1994இல் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒத்துழைப்புக்கு அரசியலும் குறுக்கே நின்றது, அதையும் தாண்டித்தான் வேலை நடந்தது. மீன் ஒட்டுண்ணியியலில் சோவியத் ஆய்வாளர்கள் பெரிய கைகள். செவுள்களில் வாழும் தட்டைப்புழுக்களைப் பற்றி பிகோவ்ஸ்கி 1957இல் ரஷ்ய மொழியில் எழுதிய பெரிய நூலை, பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதே அமெரிக்கர்கள் மெனக்கெட்டு மொழிபெயர்த்து 1961இல் கொண்டுவந்தார்கள், அது இல்லாமல் வேலை நடக்காது என்பதால். மீன் ஒட்டுண்ணிகளுக்கென்றே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு 1983இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் செஸ்கே புதேயோவிட்சே நகரில் தொடங்கியது. அடுத்தது ஹங்கேரி, அதற்கடுத்தது ரஷ்யா. முதல் மூன்று கூட்டங்களும் இரும்புத்திரைக்கு அந்தப் பக்கமாக இருந்த ஊர்களில் நடந்தன என்பதை கவனியுங்கள்.

கடல் அசுத்தமானதால்தான் மீனில் புழு அதிகமாகிவிட்டது என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? – தூத்துக்குடி வாசகர்

பெரும்பாலும் தலைகீழ். கடல் ஆரோக்கியமாக இருந்தால்தான் பல புழுக்களுக்கு வாழ்வே உண்டு. அனிசாகிஸை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை திமிங்கிலத்தின் கழிவோடு கடலில் விழும். குஞ்சைக் கூனிப்பொடி போன்ற சிறு உயிர்கள் தின்னும், அவற்றை மீனும் கணவாயும், அந்த மீனைத் திமிங்கிலம். இந்த வரிசையில் ஓர் உயிர் இல்லாமல் போனாலும் புழுவின் கதை முடிந்தது.

கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல, அந்தக் காலத்து மீனில் எத்தனை புழு இருந்தது என்று தெரிய வேண்டுமே? யாரும் எண்ணி வைக்கவில்லை. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செல்சி வுட் குழு இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். அருங்காட்சியக அலமாரிகளில் கண்ணாடி ஜாடிக்குள் சாராயத்தில் ஊறிக்கிடக்கும் பழைய மீன்களை எடுத்தார்கள். மீனைப் பாதுகாத்தவர்கள் தெரியாமலே அதன் புழுக்களையும் பாதுகாத்திருக்கிறார்கள் இல்லையா! பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் 1880 முதல் 2019 வரை பிடித்த 8 இனங்களைச் சேர்ந்த 699 மீன்களை, மாதிரி பாழாகாமல் மெல்லக் கீறி, 17,000க்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகளை எண்ணினார்கள். 2023இல் முடிவு வந்தது. ஒன்றிரண்டு உயிர்களை மட்டும் சார்ந்து வாழும் ஒட்டுண்ணிகள் தாக்குப்பிடித்திருக்கின்றன. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட உயிர்களை நம்பி வாழ்பவை பத்தாண்டுக்குச் சுமார் 11 விழுக்காடு என்ற வேகத்தில் குறைந்திருக்கின்றன. கடல் நீர் சூடாவதோடு இது சேர்ந்து போகிறது. பறவையோ பாலூட்டியோ இப்படிக் குறைந்தால் ஊரே பேசும், புழு என்பதால் யாரும் பேசவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நம் கண்ணுக்கு அருவருப்பாக இருப்பதற்காக ஓர் உயிர் கணக்கில் வராமல் போகக்கூடாது.

இதே குழுவுக்குச் சியாட்டிலில் ஒரு கடலுணவுத் தொழில் சங்கம் தன் கிடங்கில் தரப் பரிசோதனைக்காக வைத்திருந்து காலாவதியான சால்மன் டின்களைக் கொடுத்தது. 1979 முதல் 2021 வரையிலான 178 டின்கள். டின்னில் வெந்துபோன மீன் துண்டுகளை இடுக்கியால் பிரித்து அனிசாகிஸ் வகைப் புழுக்களை எண்ணினார்கள், ஒரு கிராமுக்கு எத்தனை என்று. நாலு வகைச் சால்மனில் பிங்க், சம் என்ற இரண்டில் புழு கூடியிருந்தது, சாக்ஐ, கோஹோ இரண்டிலும் மாற்றமில்லை. வெந்த புழுவால் கேடில்லை. கூடியதற்கு ஒரு காரணம், பாதுகாப்புச் சட்டங்களால் திமிங்கிலமும் சீலும் எண்ணிக்கையில் மீண்டு வருவதாக இருக்கலாம் என்று அந்தக் குழு கருதுகிறது. ஆக உங்கள் கேள்விக்கு ஒற்றை வார்த்தைப் பதில் கிடையாது: எந்தப் புழு, எந்த மீன், எந்தக் கடல் என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

ஓஸ்லோவில் வாழ்கிறேன். டிராமன் ஆற்றுப் பக்கம் தூண்டில் போடப் போனால், மீன்பிடிச் சாமான்களைக் கிருமி நீக்கிவிட்டு, காயவைத்துத்தான் வேறு ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு கெடுபிடி எதற்கு? – நார்வே வாசகர்

அந்தக் கெடுபிடி நியாயமானது, தயவுசெய்து ஒருமுறைகூட மீறாதீர்கள். காரணம் கைரோடாக்டிலஸ் சலாரிஸ், அரை மில்லிமீட்டர் நீளமுள்ள தட்டைப்புழு. சால்மன் குஞ்சின் தோலில் கொக்கிகளால் பற்றிக்கொண்டு தோலைத் தின்னும். இது முட்டையிடாது, குட்டி போடும், அந்தக் குட்டி பிறக்கும்போதே வயிற்றில் அடுத்த குட்டியோடு பிறக்கும், சில சமயம் அதற்குள்ளும் ஒன்று உருவாகத் தொடங்கியிருக்கும். ஆணும் தேவையில்லை, நடுவில் வேறு உயிரும் தேவையில்லை. ஈரத் தூண்டில் வலையில் ஒரே ஒரு புழு ஒட்டிக்கொண்டு போனால் புது ஆற்றுக்கு அது போதும். உலர்ந்தால் செத்துவிடும், அதனால்தான் காயவைக்கச் சொல்கிறார்கள்.

1957இல் சுவீடனைச் சேர்ந்த மால்ம்பெரி இதை விவரித்தபோது யாரும் பதறவில்லை, ஏனென்றால் பால்டிக் கடல் பக்கத்துச் சால்மன்கள் பல இதோடு வாழப் பழகியவை. 1970களில் சுவீடன் பொரிப்பகங்களிலிருந்து வந்த குஞ்சுகளோடு இது நார்வேக்குள் நுழைந்தது. 1975இல் முதலில் பார்த்தார்கள், அதன்பின் சுமார் 50 ஆறுகளுக்குப் பரவியது. அட்லாண்டிக் பக்கத்து நார்வே சால்மனுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, பல ஆறுகளில் குஞ்சுகள் கிட்டத்தட்ட ஒழிந்தே போயின. பிறகு அவர்கள் எடுத்த முடிவு கடுமையானது. ரோட்டினோன் என்ற தாவர நஞ்சை ஆற்றில் கலந்து மீன்களை எல்லாம் கொல்வது, மீன் இல்லாவிட்டால் புழுவும் இல்லை என்பதால். அதற்கு முன்பே அந்தந்த ஆற்றுச் சால்மனின் வாரிசுகளை மரபணு வங்கிப் பண்ணைகளில் வளர்த்து, ஆறு சுத்தமானதும் திரும்ப விடுகிறார்கள். லேர்டால் ஆற்றில் மீனைக் கொல்லாமல் புழுவை மட்டும் கொல்ல அலுமினியம் சல்பேட் பயன்படுத்தினார்கள். பெரும்பாலான ஆறுகள் மீண்டுவிட்டன. டிராமன் பகுதிதான் கடைசிக் கடினமான இடம், அங்கே புழு 1987இல் தெரியவந்தது.

இதிலும் ஒரு சிக்கலான ஆய்வு இருக்கிறது. கிரேலிங் என்ற மீனில் இதேபோன்ற இன்னொரு புழு வாழ்கிறது. உருவத்தில் பிரித்தறிவது மிகக் கடினம். அது சால்மனைக் கொல்வதில்லை. இரண்டும் ஓரினமா ஈரினமா என்று வடக்கு ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் மாதிரிகளைப் பரிமாறி வருடக்கணக்கில் விவாதித்தார்கள். ஓர் ஆற்றில் எது கிடைத்தது என்பதைப் பொறுத்து அந்த ஆற்று மீன்கள் பிழைப்பதா சாவதா என்று முடிவாகும்போது, அது வெறும் பெயர்ச் சண்டை இல்லை.

ரோகு, கட்லா வளர்க்கிறேன். மீன் உடம்பில் தட்டையாகப் பேன் ஒட்டியிருக்கிறது, மீன் கரையில் உரசிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது? – தஞ்சாவூர் விவசாயி

அது ஆர்குலஸ் என்ற மீன் பேன், நீங்கள் பார்த்தது சரி. முட்டையை மீன்மேல் இடாது, கல், கட்டை, மூங்கில் மாதிரிக் கெட்டியான இடங்களில் வரிசையாக ஒட்டும். அதனால் குளத்தில் மூங்கில் தப்பைகளையோ பலகைகளையோ நட்டுவைத்து, சில நாளுக்கொருமுறை எடுத்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள், முட்டை செத்துவிடும். மருந்தை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள், மீன்வளத்துறை அலுவலரிடம் மீனைக் காட்டி அளவு கேளுங்கள். பேனைக் கொல்லும் மருந்துகள் இறாலையும், மீனுக்கு உணவாகும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லக்கூடியவை. புதுக் குஞ்சு வாங்கினால் நேராகக் குளத்தில் விடாமல் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள். அறுவடை முடிந்ததும் குளத்தைக் காயப்போடுங்கள்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி இருக்கிறது, பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்யும் அளவுக்கு எங்களால் என்ன செய்ய முடியும்? – ராமநாதபுரம் ஆசிரியர்

உங்களிடம் இருப்பதில் பெரியது அந்தத் துறைமுகம். தினமும் புது மீன் இறங்கும் இடம் பலருக்குக் கிடைக்காது. செத்து நேரமான மீனிலோ உறைந்த மீனிலோ புழுவின் உறுப்புகள் குலைந்துவிடும், அதிகாலையில் இறங்கியதைப் பார்ப்பது பாதி வெற்றி.

மீனை அறுக்கும் முன் படம் எடுத்து, சதையில் ஒரு துண்டைத் தனியாகச் சாராயத்தில் வையுங்கள். புழு எது என்பதைவிட, அது எந்த மீனில் இருந்தது என்பதில்தான் பழைய பதிவுகள் அதிகம் தவறியிருக்கின்றன. நாடாப்புழுவையும் தட்டைப்புழுவையும் உயிரோடு உப்புக்கரைசலில் கழுவி, கொதிக்கும் சூட்டில் உள்ள ஃபார்மலினில் போட்டால் உடம்பு நீண்டு உறுப்புகள் தெளிவாக நிற்கும். அதே மீனிலிருந்து எடுத்த இன்னொரு புழுவை ஃபார்மலின் படாமல் 95 விழுக்காடு எத்தனாலில் வையுங்கள், அதுதான் மரபணுவுக்கு. இடம், தேதி, மீன், எந்த உறுப்பில், எத்தனை என்று பென்சிலால் எழுதிய சீட்டு புட்டிக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துபோகும். புழு இல்லாத மீன்களையும் எண்ணிக் குறியுங்கள், அது இல்லாமல் எத்தனை விழுக்காடு மீனில் இருக்கிறது என்று கணக்கிட முடியாது.

இப்படிப் பத்து புட்டிகள் இருந்தால் உலகத்தில் எந்த நிபுணருக்கும் தைரியமாகக் கடிதம் எழுதலாம், பதில் வரும். சுறா, திருக்கை மட்டுமில்லாமல் முதுகெலும்புள்ள எல்லா வகை விலங்குகளின் நாடாப்புழுக்களுக்காகவும் 2008 முதல் 2017 வரை அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேனின் கைராவும் கிர்ஸ்டன் ஜென்சனும் நடத்திய உலகளாவிய திட்டம், பல நாட்டு ஆட்களும் சேர்ந்து விலங்குகளைத் திறந்து பார்த்ததால்தான் இருநூறுக்கும் மேற்பட்ட புது இனங்களைக் கொண்டுவர முடிந்தது. ஆனால் மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகள் உண்டு, அதைக் கேட்டு அறியாமல் தபாலில் போட்டுவிடாதீர்கள். கூட்டு ஒப்பந்தத்தை முதலிலேயே எழுத்தில் வையுங்கள், சேகரித்த மாணவரின் பெயர் கட்டுரையில் வரும் என்பது உட்பட.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். புது இனம் என்று அறிவித்துவிட்டு மாதிரியை மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்து, ஆசிரியர் ஓய்வுபெற்றதும் அது குப்பைக்குப் போய்விடுகிற வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அப்புறம் வருகிறவர் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வகம் போல மாதிரிகளைப் பராமரிக்கும் இடத்தில் ஒப்படைத்து எண் வாங்கி, அந்த எண்ணைக் கட்டுரையில் அச்சிடுங்கள்.